பாலையில் புல் பிடுங்குவோர்

மரம் நடுவதைப் புண்ணியம் என்றும், வறண்ட நிலத்தில் ஒரு பச்சைத் தளிரைக் கண்டால் கண் குளிர்ந்ததென்றும் சொல்லிப் பழகிய நமக்கு, ஆண்டு முழுவதிலும் சராசரி 12 அங்குல மழையைக்கூடக் காணாத ஒரு பாலை நிலத்துக்கு விடியற்காலையில் கடப்பாரையும் சாக்கும் சுமந்து சென்று, அங்கே செழித்து நிற்கும் புல்லைத் தூரோடு பெயர்த்துப் போட்டுவிட்டு, கூலி ஒன்றும் பெறாமல் உச்சிவேளைக்கு முன் வீடு திரும்பும் மனிதர்களைப் பற்றிக் கேள்விப்பட்டால், அவர்களுடைய புத்தியைக் குறித்துச் சிறிது சந்தேகம் தோன்றுவது இயல்பே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கு மூலையில், அரிசோனா மாநிலத்து டூசான் நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில், ஒவ்வொரு பனிக்காலத்திலும் இப்படிப்பட்டவர்களைக் காணலாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற முதியோர், கல்லூரி மாணவர், வார விடுமுறையைக் குழந்தைகளோடு கழிக்க வந்த பெற்றோர் எனப் பலதரப்பட்ட அக்கூட்டத்தார் பிடுங்குகின்ற புல்லோ நமக்கு அந்நியமானதன்று. கொங்கு நாட்டுக் குடியானவர் கொழுக்கட்டைப்புல் என்று அருமையாகப் போற்றி வளர்க்கும் அதே புல்தான். ஒரே புல் ஓரிடத்தில் மாட்டின் உயிராகவும் மற்றோரிடத்தில் காட்டின் எமனாகவும் ஆனது எவ்வாறு என்பதும், அதை அகற்றுவதற்கு ஊதியமில்லாத கைகள் ஏன் வேண்டியிருக்கின்றன என்பதும் ஆராயத் தக்க விஷயங்கள்.

பாலையைப் பற்றி நமக்குள்ளே வேரூன்றியிருக்கும் ஓர் அபிப்பிராயத்தை முதலில் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த நம் முன்னோர், பாலையை மட்டும் தனக்கென நிலையான இடமுடையதாகக் கருதவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் துயர வடிவமே பாலை என்று சிலப்பதிகாரம் வகுத்திருக்கிறது. தமிழகத்தின் பருவநிலைக்கு அது முற்றிலும் பொருந்தும் இலக்கணமே. மழை பெய்தால் நம்முடைய பாலை மறைந்துவிடும். ஆனால் அந்த எண்ணத்தை உலகத்துப் பாலை நிலங்கள் அனைத்தின்மீதும் ஏற்றிப் பார்க்கையில், பாலை என்பது ஒரு நோய் என்றும், அதைப் பசுமையாக்குவதே சிகிச்சை என்றும் முடிவு கட்டிவிடுகிறோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சொனோரா பாலைவனத்தின் கதையை ஓரளவு கற்ற பிறகே, பசுமையே நோயாகவும் வெறுமையே ஆரோக்கியமாகவும் இருக்கக்கூடிய நிலங்கள் உண்டு என்பது எனக்கு விளங்கிற்று.

அரிசோனா, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களின் தென்பகுதிகளிலும், மெக்சிகோ நாட்டின் சொனோரா, பாகா கலிபோர்னியா பிரதேசங்களிலும் பரந்து கிடக்கும் இப்பாலையின் விஸ்தீரணம் ஏறத்தாழ 2,60,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்கு. மணல் மேடுகளும் ஒட்டகங்களுமாக நாம் மனத்தில் தீட்டி வைத்திருக்கும் பாலைவனச் சித்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு. பசிபிக் கடலிலிருந்து வரும் மெல்லிய மழை பனிக்காலத்தில் ஒரு முறையும், இடியும் மின்னலுமாக வரும் முரட்டு மழை ஆடி ஆவணி மாதங்களில் ஒரு முறையுமாக, ஆண்டுக்கு இரண்டு பருவம் மழை காணும் பாக்கியம் இதற்கு வாய்த்திருப்பதால், 2,000 வகைக்குக் குறையாத தாவரங்கள் இங்கே வாழ்கின்றன. மெக்சிகோவிலிருந்து எழும் அக்கோடை மழையை அந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போலவே பருவமழை என்றே சொல்லுகிறார்கள் என்பது கேட்க இனிமையான செய்தி.

இப்பாலையின் அரசன் என்று சொல்லத் தக்கது சவாரோ என்னும் கள்ளி. கள்ளி என்றவுடன் நம் கரிசல் காட்டுச் சதுரக்கள்ளியோ திருகுகள்ளியோ நினைவுக்கு வருமாயின், அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்; ஒடித்தால் பால் வடியும் அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை; சவாரோவோ அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய வேறொரு குடும்பத்தது. சப்பாத்திக்கள்ளிதான் அக்குடும்பத்திலிருந்து நம் ஊருக்கு வந்து குடியேறியவற்றுள் நாம் நன்கறிந்த உறவு. வெவ்வேறு கண்டங்களில் வெவ்வேறு வமிசங்களில் பிறந்த தாவரங்கள், ஒரே வறட்சியைச் சகிக்க வேண்டியிருந்ததால், இலையைத் துறந்து, தண்டைப் பருக்க வைத்து, முள்ளைத் தரித்து, முடிவில் ஒன்றைப் போல ஒன்று தோற்றமளிப்பது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று.

சவாரோவின் வாழ்க்கை மிகவும் நிதானமானது. குண்டூசித் தலையளவே உள்ள அதன் விதை, நல்ல மழை பெய்த ஆண்டில், பாலோ வெர்டே என்றும் மெஸ்கீட் என்றும் வழங்கும் மரங்களின் நிழலில் விழுந்தால்தான் முளைத்துப் பிழைக்கும். வெயிலிலிருந்தும் உறைபனியிலிருந்தும் மேயும் வாய்களிலிருந்தும் அதைக் காக்கும் அம்மரங்களைத் தாவர நூலார் செவிலி மரங்கள் என்று அழைக்கிறார்கள். நம் அகப்பொருள் நூல்களில் வரும் செவிலித்தாய்க்கு இதைவிடப் பொருத்தமான தாவர உவமை கிடைப்பது அரிது. அந்த நிழலில் முதல் எட்டு ஆண்டுகளில் அது வளரும் உயரம் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டுவதில்லை. முதற்பூ பூப்பதற்கு 35 ஆண்டுகளாகின்றன. மனிதன் கைகளைத் தூக்கி நிற்பதுபோன்ற தோற்றத்தைத் தரும் கிளைகள் தோன்ற 50 முதல் 70 ஆண்டுகள், மழை குறைந்த இடங்களில் நூறாண்டுகூட, ஆகும். நாற்பது அடிக்குமேல் உயர்ந்து, டன் கணக்கில் நீரைத் தன் உடலில் தேக்கி, 150 ஆண்டுகளுக்கு மேலும் அது வாழ்கிறது. மழை பெய்தவுடன் அதன் தண்டிலுள்ள மடிப்புக்கள் ஆர்மோனியத் துருத்தியைப் போல விரிந்து நீரை ஏற்றுக்கொள்வதும், வறட்சியில் மெல்ல மெல்லச் சுருங்குவதும், பகலில் மூச்சுத் துளைகளை மூடிவைத்து இரவின் குளிர்ச்சியில் மட்டும் திறப்பதும், சிக்கனத்தைக் கற்க விரும்புவோர் பார்த்திருக்க வேண்டிய காட்சி.

அது தனக்காக மட்டும் வாழ்வதுமில்லை. அந்தியில் மலர்ந்து மறுநாள் பிற்பகலில் கூம்பும் அதன் வெண்மலர்களை இரவில் வௌவால்களும் பகலில் வெண்சிறகுப் புறாக்களும் தேனீக்களும் நாடுகின்றன. ஏனைய உணவெல்லாம் வற்றிப்போன ஜூன் மாதத்தில் அதன் செங்கனிகள் பழுத்து வெடிக்கும்போது பறவையும் விலங்கும் எறும்பும் அங்கே விருந்துண்கின்றன. மரங்கொத்தி தண்டைக் குடைந்து கூடமைக்கிறது. காயம்பட்ட இடத்தைச் சுற்றிச் சவாரோ ஒரு கெட்டியான தழும்புச் சுவரை எழுப்பிக்கொள்கிறது. மரங்கொத்தி விட்டுச் சென்ற அவ்வீட்டில், உலகத்து ஆந்தைகளிலெல்லாம் சிறியதான குட்டி ஆந்தை குடியேறுகிறது. அந்நிலத்தின் ஆதிக்குடிகளான தொஹோனோ ஓதம் மக்கள், இறந்த சவாரோவின் விலா எலும்பு போன்ற உள்நார்களைக் கட்டி நீண்ட துறட்டியாக்கி, உயிருள்ள சவாரோவின் பழத்தைப் பறித்துப் பாகு காய்ச்சி, அதைப் புளிக்க வைத்த மதுவோடு மழையை அழைக்கும் சடங்கை நடத்துகிறார்கள். அவர்களுடைய புத்தாண்டு அந்த அறுவடையோடுதான் பிறக்கிறது.

இவ்வளவு நிதானமாக வளரும் ஓர் உயிர் எதை நம்பி நூறாண்டு நூற்றைம்பதாண்டு என்று நிற்கிறது என்று கேட்டால், விடை சிறிது விசித்திரமானது: தனக்கும் அடுத்த செடிக்கும் இடையே உள்ள வெறுந்தரையை நம்பி நிற்கிறது. நீருக்கான போட்டியால் பாலைத் தாவரங்கள் ஒன்றுக்கொன்று எட்டவே முளைக்கின்றன. இடையில் கிடப்பது கல்லும் மண்ணுமே. கோடைக்கு முன் நம் வனத்துறையார் காட்டுக்குள்ளே செடிகொடிகளைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு அமைக்கிறார்களல்லவா? சொனோரா பாலையில் அந்தக் கோடு இயற்கையாகவே நிலமெங்கும் வரையப்பட்டிருக்கிறது. மின்னல் விழுந்து ஒரு செடி எரிந்தாலும் அந்நெருப்பு அடுத்த செடியை எட்டும் வழியின்றி அங்கேயே அவிந்துபோகும். ஆதலால் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெருந்தீயைச் சந்திக்காத சவாரோவும் பாலோ வெர்டேயும் தீயைத் தாங்கும் வித்தை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மற்ற மரங்களுக்கு உள்ளதுபோல் தடித்த பட்டை சவாரோவுக்கு இல்லை. அதன் பச்சைத் தோலே இலையின் தொழிலையும் செய்வதால், தோல் வெந்தால் உணவு சமைக்கும் அடுப்பே அணைந்ததாகும். தீயில் வெந்த சவாரோ உடனே சாய்வதுமில்லை. உள்ளே தேக்கிய நீரையும் உணவையும் கொண்டு சில ஆண்டுகள் நின்றுவிட்டுப் பிறகே விழுகிறது. அதனால் தீ செய்த நாசத்தின் முழுக் கணக்கு, தீயை எல்லோரும் மறந்த பிறகுதான் தெரியவருகிறது.

இந்த வெறுந்தரையில்தான் கொழுக்கட்டைப்புல் வந்து புகுந்தது. 1930-களில் அமெரிக்காவின் நடுச்சமவெளிகளில் புழுதிப் புயல் எழுந்து வயல்களின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போனபோது, அந்த அரசாங்கம் மண் பாதுகாப்புக்கென ஒரு துறையை நிறுவி, மண்ணைப் பற்றிப் பிடிக்கும் புல்வகைகளை உலகெங்குமிருந்து தருவித்துச் சோதனை செய்தது. ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா ஆகியவற்றின் வறண்ட பிரதேசங்களைத் தாயகமாகக் கொண்ட கொழுக்கட்டைப்புல்லும் அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று. கென்யாவின் வடக்கே துர்க்கானா பிரதேசத்திலிருந்து எடுத்த விதையின் வழிவந்த ஒரு ரகம் 1946-இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது. அங்கிருந்து மெக்சிகோவின் சொனோராவுக்குப் பரவி, மாட்டுத் தீவனத்துக்காக இலட்சக்கணக்கான ஏக்கர் பாலை நிலத்தில் விதைக்கப்பட்டது. அதைக் கொண்டுவந்தவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் பறந்து போகும் மண்ணைக் கண்ணெதிரே கண்டவர்கள், வறட்சியிலும் வேரை விடாத ஒரு புல்லைக் கண்டபோது அடைந்த மகிழ்ச்சி நியாயமானதே என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தக் குணத்துக்காக அதை அவர்கள் விரும்பினார்களோ அந்தக் குணமே பின்னர் தீங்காக முடிந்தது.

அக்குணத்தின் நன்மையைக் காண விரும்புவோர் அரிசோனாவுக்குப் போக வேண்டியதில்லை. காங்கயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களுக்குப் போனால் போதும். கிளுவை முள்வேலி சூழ, இடையிடையே வெள்வேல மரம் நிற்க, பாசனம் எதுவுமின்றி வானம் பார்த்துக் கிடக்கும் மேய்ச்சல் நிலத்தைக் கொங்கு நாட்டார் கொறங்காடு என்று வழங்குவர். அந்தக் கொறங்காட்டின் செல்வம் கொழுக்கட்டைப்புல். மழை இரண்டு தூற்றல் தூறினால் தளிர்க்கும். மாதக்கணக்கில் மழை இல்லாவிடில் தூருக்குள் உயிரை ஒளித்துவைத்துக் காத்திருக்கும். காங்கயம் காளையும் மேச்சேரி ஆடும் மேய மேய மீண்டும் துளிர்க்கும். பல தலைமுறைகளாக மேய்ச்சலோடும் வேலியோடும் வாழ்ந்து பழகிய அந்நிலத்தில், அது தின்னப்படுகிறது. தின்னப்படுவதால் அளவோடு நிற்கிறது. டூசானின் செங்குத்தான பாறைச் சரிவுகளில் அதை மேய்வார் யாருமில்லை. எவராலும் தின்னப்படாத புல் காய்ந்து சருகாகி, அடுத்த மழையில் மேலும் அடர்ந்து, செடிக்கும் செடிக்கும் இடையே இருந்த வெறுந்தரையை ஒரு வைக்கோற் போரைப் போல மூடிவிடுகிறது.

இப்புல்லுக்குத் தாவர நூலார் கண்டறிந்த இன்னொரு திறமையும் உண்டு. பெரும்பாலான விதைகள் மகரந்தச் சேர்க்கையின்றியே உருவாகித் தாயின் அச்சுப் பிரதிகளாகப் பிறக்கின்றன. ஆகவே எங்கோ ஒரு பாறையிடுக்கில் தன்னந்தனியாக விழுந்த ஒரே விதை, துணை எதையும் எதிர்பாராமல், ஒரு வமிசத்தைத் தொடங்கிவிட வல்லது. மென்மயிர் சூழ்ந்த அவ்விதைகள் காற்றிலும், விலங்கின் ரோமத்திலும், மோட்டார் வண்டிகள் எழுப்பும் சுழலிலும் பயணம் செய்வதால், நெடுஞ்சாலை ஓரங்களே அதற்கு இராஜபாட்டையாயின. டூசான் நகரின் மேற்கே டுமமாக் என்றொரு குன்றும், அதில் 1903-இல் நிறுவப்பட்ட பாலைவன ஆராய்ச்சிச் சாலையும் உண்டு. 1906 முதலே அளந்து குறித்துவைத்த நிலத்துண்டுகளில் எந்தச் செடி எங்கே இருந்தது என்று அங்கே எழுதிவருகிறார்கள். 1983-இல் வரைந்த அந்நியத் தாவரப் படத்தையும் 2005-இல் வரைந்த படத்தையும் ஒப்பிட்டவர்களுக்கு, முன்பு புள்ளி புள்ளியாக இருந்த கொழுக்கட்டைப்புல் குன்றின்மீது திட்டுத்திட்டாகப் படர்ந்திருந்தது தெளிவாயிற்று. அதே 2005-இல் அரிசோனா அரசு அதைத் தீங்கு விளைக்கும் களையென்று சட்டப்படி அறிவித்தது. எல்லைக்கு அப்பால் சொனோராவில் அது இன்றும் தீவனப் பயிர். ஒரு கம்பிவேலியின் வடபுறம் களையாகவும் தென்புறம் பயிராகவும் பெயர் பெற்ற இப்புல்லின் விதைக்கு அந்த வேலி இருப்பதே தெரியாது.

தீயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். காய்ந்த கொழுக்கட்டைப்புல் அடர்ந்து எரியும்போது 700 செல்சியஸ் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் எழுகிறது. சவாரோ வேகிறது, செவிலி மரம் கருகுகிறது, ஆனால் புல்லின் உயிரோ மண்ணுக்குள் இருக்கும் தூரில் பத்திரமாக இருக்கிறது. மழை பெய்ததும் முதலில் தளிர்ப்பது அதுதான். போட்டியிட எவருமில்லாத அந்நிலத்தில் முன்னிலும் அடர்த்தியாகப் படர்ந்து, அடுத்த தீக்கு விறகைத் தானே அடுக்கி வைக்கிறது. இப்படிப் புல்லும் தீயும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு போகும் சக்கரம் இரண்டு மூன்று முறை சுழன்றால், நூற்றாண்டுகளில் உருவான கள்ளிக்காடு வெறும் புல்வெளியாக மாறிவிடும். 2020 ஜூன் மாதம் 5-ஆம் நாள் டூசானுக்கு வடக்கேயுள்ள சாந்தா கத்தலீனா மலைகளில் மின்னலால் மூண்ட பெருந்தீ ஏறக்குறைய 1,20,000 ஏக்கரை எரித்தது. அதன் பெரும்பகுதி உயர்ந்த மலைக்காடுகளே எனினும், அடிவாரச் சரிவுகளில் சவாரோக்களுக்கிடையே தீ ஊர்ந்து வந்ததைத் தங்கள் வீட்டு முற்றத்திலிருந்தே பார்த்த நகர மக்களுக்கு, புல்லைப் பற்றி அதுவரை கேட்ட எச்சரிக்கைகளின் அர்த்தம் ஒரே இரவில் விளங்கியிருக்கும்.

இனித் தொண்டர்களிடம் வருவோம். டூசான் மலைப்பூங்காவில் 2000-ஆம் ஆண்டளவில் ஒரு சிறு குழுவாகத் தொடங்கிய இப்பணி, இன்று நகரத்துப் பாலைவன அருங்காட்சியகமும் சவாரோ தேசியப் பூங்காவும் பறவை ஆர்வலர் சங்கமும் பங்குகொள்ளும் ஒரு பனிக்கால விரதமாகவே ஆகிவிட்டது. பனிக்காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. வெயில் தாழ்ந்திருக்கும்; மழையில் நனைந்த மண் நெகிழ்ந்து கொடுக்கும்; கிலுகிலுப்பைப் பாம்புகள் பெரும்பாலும் பாறை இடுக்குகளில் உறங்கும். இருந்தாலும் கண் பார்க்காத இடத்தில் கை வைக்காதே என்பதுதான் புதிதாக வருபவருக்குச் சொல்லும் முதல் விதி. இரண்டாவது விதி, சட்டைப்பையில் ஒரு தலைவாரும் சீப்பு இருக்க வேண்டும் என்பது. கேசத்துக்காக அன்று, லேசாக உராய்ந்தாலே தண்டோடு கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும் சோயா என்னும் முட்கள்ளியை விரலால் பிடுங்கப்போனால் விரலும் அதற்கு இரையாகும், சீப்பைக் கொடுத்துத் தெறிக்கவிடுவதே தந்திரம். மூன்றாவது விதியை எல்லோரும் சிரத்தையாகக் கேட்கிறார்கள்: வழியில் ஆமையைக் கண்டால் எக்காரணங்கொண்டும் தூக்காதே. பாலை ஆமை, மழைக்காலத்தில் குடித்த நீரைத் தன் மூத்திரப்பையில் மாதக்கணக்கில் சேமித்துவைத்து வறட்சியைக் கடப்பது. அன்பு மிகுதியால் நாம் அதைக் கையில் எடுத்தால், அஞ்சி அந்நீரையெல்லாம் கழித்துவிடும். அடுத்த மழை வரை அது பிழைப்பது அரிதாகிவிடும்.

பிடுங்குவதற்கு முன் அடையாளம் காண வேண்டும். கடினம் அங்கேதான் இருக்கிறது. அந்த மண்ணுக்கே உரிய நல்ல புற்கள் பல உண்டு. நம் நாட்டிலும் வளரும் ஊசிப்புல்கூட அவற்றுள் ஒன்று. அவசரக் கை அவற்றையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டால் தொண்டு துரோகமாகிவிடும். ஆகவே அனுபவம் மிக்கவர் ஒருவர், கதிரிலுள்ள விதைகளை இரு விரலால் உருவி எறிந்துவிட்டு, எஞ்சிய நடுக்காம்பை வருடிப் பார்க்கச் சொல்லுகிறார். உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தால் அது கொழுக்கட்டைப்புல். பிறகு கடப்பாரையைத் தூருக்கு அடியில் செருகி நெம்ப வேண்டும். அரிவாளால் அறுத்தெறிவதில் பிரயோஜனமில்லை. தூர் இருக்கும்வரை புல் இருக்கும். பெயர்த்த தூரை உதறி மண்ணை மீண்டும் குழியிலேயே கொட்டி, கதிர்களைக் கொய்து சாக்கில் அடைத்து, வேரை வானம் பார்க்கப் பாறைமேல் கவிழ்த்து வைக்கிறார்கள். பாலோ வெர்டேயின் அடியில் முளைத்திருக்கும் தூர்களுக்கு மட்டும் கடப்பாரையை வீசுவதில்லை. மண்டியிட்டு விரலால் துழாவிப் பார்த்த பின்பே கை வைக்கிறார்கள், ஏனெனில் கட்டைவிரல் அளவில் ஒரு பத்து பன்னிரண்டு வயதுச் சவாரோ அங்கே ஒளிந்திருக்கக்கூடும்.

ஒரு முறை பிடுங்கிவிட்டால் வேலை தீர்ந்ததென்று எண்ணக் கூடாது. மண்ணில் விழுந்த விதைகள் சில ஆண்டுகள் உறங்கிக் கிடந்து மழைக்கு மழை முளைப்பதால், அதே சரிவுக்கு மூன்று நான்கு ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்த்தான் தீர வேண்டும். புதிய இடத்தை வெல்வதில் இருக்கும் உற்சாகம் பழைய இடத்தைக் காப்பதில் இருப்பதில்லை. இந்தத் தொண்டின் உண்மையான சோதனை கடப்பாரையின் கனத்தில் இல்லை, நான்காம் ஆண்டில் அதே சரிவுக்கு வருவதில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மனிதர் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளிலும், கை வேலைக்கு அடங்காத பெருந்திட்டுக்களிலும் களைக்கொல்லி மருந்து தெளிக்கிறார்கள். தேசியப் பூங்காவில் ஹெலிகாப்டர்கூடப் பயன்பட்டிருக்கிறது. அந்த மருந்து பச்சை இலையின் வழியாக மட்டுமே வேருக்கு இறங்கும். ஆண்டின் பெரும்பகுதி காய்ந்தே நிற்கும் இப்புல், கோடை மழைக்குப் பின் பசுமையாக இருப்பது சில வாரங்களே. விஷத்தைப் பாலையில் தெளிப்பதா என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தத்தை நான் இகழ மாட்டேன். ஆனால் எரிந்த சரிவையும் தெளித்த சரிவையும் சில ஆண்டுகள் கழித்துச் சென்று பார்த்தால், எது மீளக்கூடிய சேதம் என்பதில் அதிக விவாதத்துக்கு இடமிராது.

பிடுங்குவதைப் போலவே எண்ணுவதும் அங்கே ஒரு தொண்டு. 1933-இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு 1994-இல் தேசியப் பூங்காவாக உயர்ந்த சவாரோ பூங்காவில், 1990 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, மனிதருக்குக் குடிமதிப்பு எடுப்பதைப் போலவே, கள்ளிகளுக்கும் எடுக்கிறார்கள். பொறுக்கி எடுத்த 45 நிலத்துண்டுகளில் தொண்டர்கள் வரிசையாக நடந்து ஒவ்வொரு சவாரோவின் உயரத்தையும் அளந்து எழுதுகிறார்கள். மற்ற மரங்களைப் போல ஆண்டு வளையம் இதற்குக் கிடையாதாகையால் உயரமே வயதைச் சொல்ல வேண்டும். இத்தகைய கணக்கு எவ்வளவு அவசியம் என்பதை ஒரு பழைய பிழை உணர்த்தும். 1930-களின் இறுதியில் முதிய சவாரோக்கள் அழுகிச் சாய்வதைக் கண்ட நிபுணர்கள், ஒரு பாக்டீரியா நோயே காரணமென்று கருதி, நூற்றுக்கணக்கானவற்றை வெட்டிப் புதைத்துக்கூடப் பார்த்தார்கள். அந்நூற்றாண்டு முடிவதற்குள் காடே அழியும் என்று ஜோசியமும் சொல்லப்பட்டது. நெடுநாள் கவனித்த பின்னர், 1937-இல் வந்த கடும் உறைபனியே முதியவற்றைத் தாக்கியது என்பதும், மாடுகளின் மேய்ச்சலாலும் விறகுவெட்டாலும் செவிலி மரங்கள் குறைந்ததே இளையவை தோன்றாமைக்குக் காரணம் என்பதும் தெரிந்தன. மேய்ச்சல் நின்று மரங்கள் திரும்பியதும் சவாரோவும் திரும்பியது. 2020 கணக்கின்படி பூங்காவில் ஏறத்தாழ 20 இலட்சம் நிற்கின்றன. அதே கணக்கு கவலைக்குரிய ஒன்றையும் காட்டியது: 1990-களிலிருந்து நீடிக்கும் வறட்சியில் பிறந்த குழந்தைச் சவாரோக்கள் மிகச் சிலவே. நூற்றைம்பதாண்டு வாழும் உயிரின் நாடியைப் பிடித்துப் பார்க்க, நாற்பதாண்டு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெறும் ஒரு விஞ்ஞானியின் ஆயுள் போதாது; தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் தொண்டர் கூட்டம் ஒன்றுதான் அதற்கு ஈடுகொடுக்கும்.

இராமநாதபுரத்துக் கண்மாய்களில் சீமைக்கருவேலைத் தூரோடு பெயர்க்கும் நம் ஊர் இளைஞர்களுக்கு இந்தக் கதையில் ஒரு வேடிக்கை தெரியும். சீமைக்கருவேல் அமெரிக்கக் கண்டத்து மரம். சவாரோவுக்குச் செவிலியாக நிற்கும் மெஸ்கீட் அதன் நெருங்கிய உறவு. அவர்களுடைய செவிலியின் உறவினம் இங்கே வந்து நீரைக் குடித்துக்கொண்டிருக்க, நம் மாட்டின் உணவு அங்கே போய் நெருப்பை வளர்த்துக்கொண்டிருக்கிறது. இரு கரையிலும் மனிதர்கள் கையில் இருப்பது கடப்பாரைதான்.

வெயில் ஏறத் தொடங்கியதும் டூசான் சரிவில் வேலை நிற்கிறது. சாக்குகளின் வாயைக் கட்டிக்கொண்டு எல்லோரும் கீழே இறங்குகிறார்கள். ஆனால் உடனே வண்டியில் ஏறுவதில்லை. பாறைகளின்மேல் உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, காலுறையிலும் வார்முடிச்சிலும் கால்சட்டையின் மடிப்பிலும் ஒட்டியிருக்கும் மென்மயிர் விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மீண்டும் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து அதற்குள் போடுகிறார்கள். அதற்குக் கால் மணி நேரமாவது ஆகிறது, யாரும் அவசரப்படுவதில்லை.